எச்சிக்காசுப் பங்கு

எங்க ஊருல உப்புக்கு வரி கெடையாது, வெத்தலைக்குக் கெடையாது, தீப்பெட்டிக்குக் கெடையாது. கடைச் சாமான்ல பொகையிலைக்கு மட்டும் உண்டு. கவர்மெண்டு போட்ட வரி இல்ல, ஊரு போட்டது. மகமைன்னு அதுக்குப் பேரு. ராமநாதபுரத்துல இருந்து கடலாடி போற வழியில பஸ்ஸ விட்டு எறங்கி, கண்மாய்க்கரை மேலயே நடந்து வந்தா எங்க ஊரு. சாவடிக்கு எதுத்தாப்புல ஒரே ஒரு பெட்டிக்கடை. அந்தக் கடையில உறி கட்டி ஒரு மண் கலயம் தொங்கும். வாயை மூடி, காசு நுழையுற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருப்பாக. ஒரு துண்டு பொகையில வாங்குனா கடைக்காரருக்கு அவரு காசு, கலயத்துக்கு ஒரு சில்லறை. கலயத்துல கடைக்காரரு கை படக்கூடாது, வாங்குறவுகதான் போடணும். போடாம நழுவுனா, "ஏ தாயி, கலயம் உன்னையத்தான் பாக்குது"ம்பாரு. அவருக்கு வெங்கலத் தொண்டை. மெதுவாச் சொன்னாலே மடை வரைக்கும் கேக்கும். மானம் போயிரும்.

ஏன் பொகையிலைக்கு மட்டும்னு சின்னப்புள்ளையில ஆத்தாகிட்டக் கேட்டேன். பெத்தவள நாங்க ஆத்தான்னுதான் சொல்றது. "அரிசிக்குப் போட்டா ஊரே சண்டைக்கு வரும். பொகையிலைக்குப் போட்டா எவன் கேப்பான்? கேக்கணும்னு வாயத் தொறந்தா எச்சி ஒழுகிரும்ல"ன்னா. எங்க ஆத்தா வாய் அப்படி. எனக்கும் அதுல கொஞ்சம் வந்திருக்குன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. சொல்லிட்டுப் போறாரு.

வரி போட்டாகளே தவிர, அந்தக் காசக் கோயிலுக்குள்ள கொண்டுபோக ஊருக்கு மனசு வரல. துப்புற சாமான்ல வந்த காசு, எச்சிக்காசு, அத வச்சு அம்மனுக்கு வெளக்கேத்துறதான்னு ஒரே கூப்பாடு. அதனால நெல்லுல வாங்குற வரி கோயிலுக்கும் கண்மாய் மடைக்கும் போகும். எச்சிக்காசு ஆட்டுக்குப் போகும். பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டுற அன்னைக்கு, சாவடி முன்னால எல்லாரும் பாக்கக் கலயத்தப் போட்டு ஒடைப்பாக. அதுல இருக்குற காசுக்கு எத்தனை கெடா வருதோ அத்தனை கெடா. பொங்கலுக்கு மறுநா காலையில அறுத்து ஊருக்கே பங்கு. சாமிக்கு ஆகாத காசு இவுக வயித்துக்கு மட்டும் நல்லா ஆகும்.

பங்கு போடுறதுக்குன்னு ஒரு மொறை இருக்கு. பனையோலைப் பாய வரிசையா விரிச்சு, கறியக் கூறு கூறா வைப்பாக. தலைக்கட்டுக்கு ஒரு கூறு. தலைக்கட்டுன்னா கல்யாணமாகித் தனிக்குடும்பமா இருக்குற ஆம்பள, ஊருக்கு வரி குடுக்குறவன். கடைக்காரருதான் ஒவ்வொரு பேராக் கூப்பிடுவாரு, அந்தத் தொண்டைக்கு ஊரு குடுத்த மரியாதை அது. பேருக்கு உரியவன் எந்திரிச்சு "இருக்கேன்"னு சொல்லணும். சொன்னாத்தான் கூறு. "ஆமா"ன்னோ "வந்தேன்"னோ சொன்னா ஆகாது, கேலி பேசித் திருப்பிச் சொல்ல வைப்பாக. கறிக்காக மட்டும் இல்ல அது. இந்த ஊருல நானும் ஒருத்தன் இருக்கேன்னு வருசத்துக்கு ஒருக்கா எல்லாரு காதுலயும் விழச் சொல்றது.

இதுல கூத்து என்னன்னா, பொகையில போடுறதுல முக்கால்வாசி பொம்பளைக. மொளகாப்பழம் எடுக்கையில, களை வெட்டையில, கடவாயில ஒரு துண்ட அதக்கிக்கிட்டாத்தான் குறுக்குவலி தெரியாது. கலயம் நெறையிறது அவுக காசுல. ஆனா பங்கு அன்னைக்கு அவுக ஆளுக்கொரு ஏனத்தத் தூக்கிக்கிட்டுப் புளியமரத்துக்குக் கீழ நிக்கணும். "இருக்கேன்"னு சொல்றது ஆம்பளை, கறியக் கழுவி வேகவைக்கிறது பொம்பளை.

என்னையப் பெத்தவரு, எங்க அய்யாவுக்கு யாழ்ப்பாணப் பொகையிலதான் வேணும். கருப்பட்டிப் பாகுல போட்டு ஊறவச்ச மாதிரி ஒரு வாசம் வரும் அதுல. நெசமாவே யாழ்ப்பாணத்துல இருந்து வந்ததா, கடைக்காரரு சும்மா அப்படிச் சொல்லி வித்தாரா, யாருக்குத் தெரியும். அய்யா என்னைய மடியில வச்சுப் பேசுனா அந்த வாசம்தான் வரும். எனக்கு அய்யா மூஞ்சி மங்கிப்போச்சு. வாசம் மட்டும் அப்படியே இருக்கு.

அய்யாகிட்ட ஒரு பழக்கம். எங்க ஊருல பொஞ்சாதிய யாரும் பேரு சொல்லிக் கூப்பிடுறது இல்ல. "ஏ, இந்தா"ம்பாக, இல்லாட்டி "ஏ புள்ள"ம்பாக. மத்தவுக எல்லாரும் அவ பொறந்த ஊர வச்சுக் கூப்பிடுவாக. தொண்டியில பொறந்தவ தொண்டியாள், எங்க ஆத்தா கடலாடியில பொறந்ததால கடலாடியாள். பெத்தவுக வச்ச பேரு கல்யாணத்தோட சரி, அப்புறம் அது ரேசன் கார்டுக்குத்தான். அய்யா மட்டும் ஆத்தாவைப் பேரு சொல்லிக் கூப்பிடுவாரு. அதுவும் வீட்டுக்குள்ள மெதுவா இல்ல. பஸ்ஸ விட்டு எறங்கி, கண்மாய்க்கரை ஏறுனதும் அங்கனயிருந்தே பேரைச் சொல்லி ஒரு கொரல் குடுப்பாரு, கடைசி எழுத்த நீட்டி. இவ அடுப்படியில இருந்து "இந்தா வாரேன்"னு ஓடுவா. ஊரே சிரிக்கும். "வந்துட்டாருடி ஒம் மாப்பிள்ளை, போ போ"ன்னு பக்கத்து வீட்டுக்காரி கேலி பண்ணுவா. ஆத்தா மூஞ்சி செவந்துபோகும். ஆனா ஒரு நாளும் அப்படிக் கூப்பிடாதீகன்னு சொன்னதில்ல.

நான் மூணாங்கிளாஸ் படிக்கையில மழை பொய்த்துப்போச்சு. கண்மாய் வெடிச்சுக் கெடந்துச்சு. நெல்லும் இல்ல, மொளகாயும் இல்ல. அய்யா தங்கச்சிமடத்துல மீன்புடி போட்டுக்கு ஐஸ் ஒடைச்சுப் போடுற வேலைன்னு கெளம்புனாரு. மொதல்ல மாசத்துக்கு ஒருக்கா வந்தாரு, கருவாட்டு வாடையும் பொகையில வாசமுமா. அப்புறம் அதுவும் கொறைஞ்சுச்சு. கடைசியா வந்துட்டுப் போகையில, "பொங்கலுக்கு வந்துருவேன், பங்கு வாங்கணும்ல"ன்னு என் கன்னத்தத் தட்டிச் சொன்னாரு.

பொங்கல் வந்துச்சு. அவரு வரல. மறுநா ஆத்தா தூக்குவாளிய வெளக்கி எடுத்துக்கிட்டு என்னையும் கையில புடிச்சுக்கிட்டுப் புளியமரத்துக்குக் கீழ போயி நின்னா. காலையில ஒரு பஸ்ஸு உண்டு, அதுல வந்துருவாருன்னு நம்பிக்கை. ஒவ்வொரு பேரா வந்து எங்க அய்யா பேரும் வந்துச்சு. கடைக்காரரு கூப்பிட்டாரு. பதில் இல்ல. திரும்பக் கூப்பிட்டாரு. மூணாந்தரம் கூப்பிட்டுப் பதில் இல்லன்னா கூறு பொதுவுக்குப் போயிரும். மூணாந்தரம் கூப்பிட்டதும் புளியமரத்துக்குக் கீழ இருந்து எங்க ஆத்தா, "இருக்காரு"ன்னா.

ஊரே திரும்பிப் பாத்துச்சு. எவனோ ஒரு எடுபட்ட பய, "எங்கன இருக்காரு?"ன்னு கேட்டான். சிரிப்பு. எங்க ஊருப் பெரியவர அம்பலம்னு சொல்றது. அம்பலம் கையக் காட்டிச் சிரிப்ப அடக்கிட்டு, மெதுவாத்தான் சொன்னாரு. "இருக்காருன்னா ஆகாது தாயி. இருக்கேன்னு சொல்லணும். மொறை அதுதான்." அந்தக் கூற எடுத்துப் பொதுவுல போட்டாக. ஆத்தா வெறும் தூக்குவாளியோட வீட்டுக்கு வந்தா. வழி நெடுக அதோட கைப்பிடி கிரீச் கிரீச்சுன்னு சத்தம் போட்டுக்கிட்டே வந்துச்சு. எனக்கு அன்னைக்கு வந்த அழுகை கறிக்குத்தான், பொய் சொல்லல. ஆத்தாவுக்கு எதுக்குன்னு அப்ப எனக்கு வெளங்கல.

அடுத்த வாரமே என்னையக் கூட்டிக்கிட்டு அய்யாவைத் தேடிப் போனா. பஸ் பாலம் அப்ப இல்ல, பாம்பனைத் தாண்ட ரயில்தான். சுத்திக் கடல், நடுவுல ரயிலு. நான் பயத்துல கண்ண மூடிக்கிட்டேன். ஆத்தா கடலைப் பாக்கவே இல்ல, எதுத்த சீட்டு ஆளுக மூஞ்சியையே பாத்துக்கிட்டு வந்தா. எதுக்கு என்னையக் கூட்டிட்டுப் போறான்னு தங்கச்சிமடத்துல எறங்குனப்பதான் புரிஞ்சுச்சு. புருசன் பேர இவ வாயால சொல்லமாட்டா. தேடி வந்த ஆளு பேரு என்னன்னு கேட்டா, சொல்றதுக்கு ஒரு வாய் வேணும். அந்த வாய் நானு. ஒவ்வொரு போட்டா, ஒவ்வொரு ஐஸ் கம்பெனி வாசலா நின்னு, ஆத்தா என் முதுகுல குத்துவா, நான் அய்யா பேரச் சொல்லுவேன். யாருக்கும் தெரியல.

சர்ச்சுக்குப் பின்னால மணல்ல மீனு காயப்போட்டுக்கிட்டு இருந்த ஒரு அம்மாவுக்குத்தான் தெரிஞ்சுச்சு. கழுத்துல சிலுவை போட்ட கறுப்புக் கயிறு. நான் பேரச் சொன்னதும் கைய முந்தானையில தொடச்சுக்கிட்டு எந்திரிச்சாக.

"யாழ்ப்பாணப் பொகையில போடுவாரே, அவரா? தலைமன்னார்க் கப்பல்ல போயிட்டாரேம்மா. கொழும்புல தெரிஞ்ச ஆளு இருக்காக, ரெண்டு வருசம் சம்பாரிச்சுட்டு வந்துருவேன்னாரு. உங்ககிட்டச் சொல்லலையா?"

அந்த அம்மா ஆத்தாவைக் கையப் புடிச்சு உக்கார வச்சாக. வேற என்ன செய்யன்னு தெரியாம, இடுப்புல சொருகியிருந்த சுருக்குப்பைய அவுத்து, ஒரு துண்டு பொகையிலைய ரெண்டாக் கிழிச்சு ஒண்ண இவகிட்ட நீட்டுனாக. அது வரைக்கும் எங்க ஆத்தா பொகையில போட்டவ இல்ல. வாங்கி வாயில வச்சா. கொஞ்ச நேரத்துல தலை சுத்தி, மணல்லயே வாந்தி எடுத்தா. நான் ஓன்னு அழுதேன். அவ என்னைய இழுத்து மடியில போட்டுக்கிட்டு, "அழாத. அய்யா வாசம் வருதுடி, பாரு"ன்னு வாயத் தொறந்து காட்டுனா. வந்துச்சு. நெசமாவே வந்துச்சு.

அன்னைக்குப் புடிச்ச பழக்கம்தான். அதுக்கப்புறம் எங்க வீட்டுல அரிசி இல்லாம இருந்திருக்கு, பொகையில இல்லாம இருந்ததில்ல. "ஏன் ஆத்தா இந்தக் கருமத்தப் போடுற"ன்னு திட்டியிருக்கேன். "வீட்டுல அந்த வாசம் இருக்கணும்ல, வந்தா வீடு மாறி வந்துட்டோம்னு நெனச்சுரக் கூடாதுல"ன்னுவா. சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லுவா. ஒவ்வொரு துண்டுக்கும் கலயத்துல சில்லறை விழும்.

அடுத்த வருசமும் அய்யா பேரக் கூப்பிட்டாக, பதில் இல்ல. அதுக்கடுத்த வருசம் கூப்பிடவே இல்ல. அந்தப் பேரு வர்ற எடத்துல பக்கத்து வீட்டு ஆளு பேரு வந்துருச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி. நான் பெரியவளானேன். அங்கிட்டு இலங்கையில கலவரம்னாக. கப்பல் நின்னுபோச்சு. ராமேஸ்வரத்துப் பக்கம் சனங்க மூட்டை முடிச்சோட வந்து எறங்குனாக. ஆத்தா மண்டபம் அகதி கேம்ப்புக்கு ஒரு தரம் போயி, வாசல்லயே ஒரு பகல் பூரா நின்னுட்டு வந்தா. அந்த வாரம் பொகையில மட்டும் கூடச் செலவாச்சு.

ஒரு பொங்கலுக்கு முந்தி, கலயம் ஒடைக்கிற அன்னைக்கு, ஆத்தா அம்பலத்துகிட்ட நேரா கேட்டுட்டா. "எம் பங்கு என்னாச்சு?"

அம்பலம் நல்ல மனுசன்தான். கெட்டவருன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா நல்ல மனுசனும் சில நேரம் வாயத் தொறந்தா வயித்துல நெருப்பு வச்ச மாதிரி இருக்கும். "தாயி, புருசன் இல்லாதவளுக்கு ஊரு அரைப் பங்கு குடுக்கும், வரியும் தள்ளுபடி. அதுக்கு நீ தாலிய எறக்கணும். நீ அதையும் கழுத்துல வச்சுக்கிட்டு இருக்க. அவனும் வரல. உன்னைய எந்தக் கணக்குல சேக்க?"ன்னாரு.

"ஒரு கூறு கறிக்கு எம் புருசனைக் கொல்லச் சொல்றீகளா?"ன்னு கேட்டா ஆத்தா. அதோட விடல. "எங்கிட்ட எச்சிக்காசு வாங்கையில, ஏ தாயி, நீ எந்தக் கணக்குன்னு கலயம் கேட்டுச்சா? முழுக்காசு போட்டவ நான். எனக்கு மட்டும் என்ன அரை, கால்?"

பதில் இல்லாதப்ப ஆம்பளைக செய்யுறதத்தான் செஞ்சாக. "பொம்பளை சாவடியில பேசக்கூடாது"ன்னு எவனோ சொன்னான், எல்லாரும் அதப் புடிச்சுக்கிட்டாக.

மறுநா மொளகாக்காட்டுல ஆத்தா நிமிந்து நின்னு சொன்னா. "ஏண்டி, இந்த வருசம் இந்தக் கலயத்துக்கு வேலை வைக்கக்கூடாது." அவ்வளவுதான். கூட்டம் இல்ல, கோசம் இல்ல. கடலாடிச் சந்தைக்கு யாரு போனாலும் எல்லாருக்கும் பொகையில வாங்கி வந்துரணும்னு பேச்சு. முந்தானையில முடிஞ்சு வரும், தலைச்சுமையில புல்லுக்கட்டுக்குள்ள வரும். ஒருத்தி அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சு, அன்னைக்குச் சோறே பொகையில நாத்தம் அடிச்சு, அவ புருசன் வயித்தால போயிக் கெடந்தான். நாங்க வாயப் பொத்திச் சிரிச்சோம். கடைக்காரரு கடைய விட்டு வெளியில வந்து தெருவைப் பாத்துக்கிட்டே நிப்பாரு. "என்ன தாயி, ஊரே பொகையிலைய விட்டுருச்சு போல. ஆனா சொவத்துல எச்சி மட்டும் கொறையக் காணுமே"ம்பாரு. "அது போன வருசத்து எச்சிண்ணே"ன்னு ஒருத்தி பதில் குடுத்தா பாருங்க.

மறுவருசப் பங்குனியில கலயத்தப் போட்டு ஒடைச்சப்ப காசுச் சத்தம் கேக்கல, வெறும் ஓட்டுச் சத்தம்தான். ஒரே ஒரு கெடா, அதுவும் எலும்பும் தோலுமா. பாயில கூறு வச்சாக, ஒவ்வொண்ணும் எலுமிச்சம்பழ அளவு. ஆம்பளைக மூஞ்சி தொங்கிப்போச்சு. "ஏலே, இது பங்கா, பூனைக்கு வச்சதா?"ன்னு ஒருத்தன் குதிச்சான். "இருக்கேன்"னு எந்திரிச்சவனுக்கெல்லாம் கொரலே எழும்பல. புளியமரத்துக்குக் கீழ பொம்பளைக ஒண்ணுமறியாத புள்ளைக மாதிரி நின்னாளுக. எல்லாரு கடவாயிலயும் ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்துச்சு.

அன்னைக்குத்தான் அம்பலம் சாவடியை விட்டு எறங்கி, புளியமரத்துப் பக்கம் நடந்து வந்தாரு. அப்படி அவரு வந்து நான் பாத்ததில்ல.

"என்னதான் வேணும் உனக்கு?"

"பங்கு."

"அரையா?"

"முழுசு. தாலியோட."

அம்பலம் தலையச் சொறிஞ்சாரு. "சரி, எந்தப் பேரக் கூப்பிட? அவன் பேரக் கூப்பிட்டா அவன்தான் எந்திரிக்கணும். கடலாடியாள்னு கூப்பிட்டா, ஊருக்குள்ள மூணு கடலாடியாள் இருக்கீக. மூணு பேரும் இருக்கேன்னு ஏனத்தத் தூக்கிட்டு வருவீக."

எல்லாரும் சிரிச்சுட்டோம், ஆத்தாவும் சிரிச்சா. அம்பலம் "பாப்போம்"னு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. பாப்போம்னா செய்யமாட்டேன்னுதான் அர்த்தம்னு மத்த பொம்பளைக சொன்னாக. ஆத்தா மட்டும், "பொறுங்கடி, மனுசன் நடந்து வந்துருக்காரு"ன்னுட்டு, மறுநாளே கடைக்குப் போயி ஒரு துண்டு வாங்கி, கலயத்துல நங்குன்னு சத்தம் வரச் சில்லறையப் போட்டா. அவ போட்டதும் எல்லாரும் போட்டாக.

அந்த வருசம் பூரா அவளுக்கு அதே நெனப்பு. கூப்பிடுவாகளா, கூப்பிடமாட்டாகளா. வெளியில வீறாப்பு, வீட்டுக்குள்ள வந்தா, "அய்யா வந்து, நான் இல்லாதப்ப ஊரு உன்னைய எப்படி வச்சுக்கிச்சுன்னு கேட்டா என்ன சொல்ல?"ன்னு எங்கிட்டக் கேப்பா. அதுதான் அவ அடிமனசுல கெடந்தது. அவரு வரும்போது, எடத்த விடாம வச்சிருந்தேன்னு காட்டணும். எனக்கு அய்யா மேல கோவம்தான் வரும் அப்பல்லாம். வரக்கூடாதான்னு ஏக்கமும் வரும். ரெண்டும் ஒண்ணா வரும், எது முன்னால, எது பின்னாலன்னு எனக்குத் தெரியாது.

அடுத்த பங்குனி. கலயம் நெறைஞ்சிருந்துச்சு, கெடாயும் நெறைய. ஆத்தா காலையிலயே தலைக்குக் குளிச்சு, தூக்குவாளிய முந்தானைக்குள்ள மறைச்சு எடுத்துக்கிட்டு வந்தா. கூப்பிடலன்னா வெறும் வாளியோட திரும்புறத யாரும் பாத்துரக்கூடாதுன்னு. நான் பக்கத்துல நின்னேன். பேரு போயிக்கிட்டே இருந்துச்சு. இருக்கேன், இருக்கேன், இருக்கேன். பாயில கூறு கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஆத்தா கை வேர்த்து வாளி வழுக்குச்சு.

கடைசிக் கூறுக்கு முந்தி கடைக்காரரு தொண்டையச் செருமுனாரு. ஒரு தரம் அம்பலத்தப் பாத்தாரு. அப்புறம் ஒரு பேரக் கூப்பிட்டாரு. ஒரு பொம்பளைப் பேரு. வோட்டு லிஸ்ட்டப் பாத்து எடுத்த பேருன்னு பின்னால சொன்னாக. அந்தத் தொண்டை சும்மா இருக்குமா, கடைசி எழுத்த நீட்டிக் கூப்பிட்டாரு.

யாரும் அசையல. பொம்பளைக ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாக. "யாருடி அது?"ங்குறா ஒருத்தி. "நம்ம ஊருல அப்படி ஒருத்தி இருக்காளா?"ங்குறா இன்னொருத்தி. வருசக்கணக்காப் பக்கத்துல நின்னு களை வெட்டுனவ பேரு அவுகளுக்குத் தெரியாது. எனக்கே சட்டுன்னு ஒறைக்கல.

திரும்பக் கூப்பிட்டாரு. அந்த நேரம் பாத்து ரோட்டுல பஸ்ஸு நின்னு கெளம்புற சத்தம். நான் ஆத்தாவைத் திரும்பிப் பாத்தேன். அவ பாயப் பாக்கல, கடைக்காரரையும் பாக்கல. கண்மாய்க்கரையப் பாத்துக்கிட்டு நின்னா. ஒரு கை தன்னால தலைமுடிய ஒதுக்கிவிட்டுச்சு. மூஞ்சி செவந்துருந்துச்சு, நான் சின்னப்புள்ளையில பாத்த அதே செவப்பு.

மூணாந்தரம் கூப்பிட்டதும் "இந்தா வாரேன்"னா.

சொல்லிக்கிட்டே ஓடுனா. கறிப் பக்கம் இல்ல, கரைப் பக்கம். வாளி கீழ விழுந்து உருண்டுச்சு. அடி ஆத்தீன்னு நானும் பின்னாலயே ஓடிக் கரைக்குக் கீழ வச்சுக் கையப் புடிச்சேன். "ஆத்தா, அய்யா இல்ல ஆத்தா. பங்குக்குக் கூப்பிடுறாக. உன்னையத்தான் கூப்பிடுறாக." அவ மேல பாத்துக்கிட்டே நின்னா. கரை மேல ஒரு ஆடு மட்டும் நின்னுச்சு. பஸ்ஸு போயிருச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் திரும்புனா. முந்தானையால மூஞ்சியத் தொடச்சா. வாளிய எடுத்து மண்ணத் தட்டிக்கிட்டு நேரா பாய்கிட்டப் போயி, அம்பலத்துக்கு முன்னால நின்னு, "இருக்கேன்"னா. ஒருத்தன் சிரிக்கல. மூணு தரம் கடந்துபோச்சுன்னு ஒருத்தன் சொல்லல. கடைக்காரரே கூற எடுத்து வாளியில போட்டாரு. வீட்டுக்கு வந்து கறியக் கொதிக்க வச்சு எனக்கு அள்ளி அள்ளி வச்சா. அவ ஒரு வாய் தொடல. "பல்லு வலிக்குது"ன்னுட்டா.

அதுக்கப்புறம் வருசா வருசம் அந்தப் பேரக் கூப்பிட்டாக. கல்யாணமாகி நான் ராமநாதபுரம் போனப்புறமும் பங்கு அன்னைக்கு மட்டும் வந்துருவேன். அவ பதில் சொல்ல எப்பவும் ஒரு நொடி பிந்தும். "கடலாடியாளுக்குக் காது மந்தமாயிருச்சு"ம்பாக. காதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பேரக் கேட்டதும் மொதல்ல கழுத்து கரைப் பக்கம் திரும்பும், அப்புறந்தான் "இருக்கேன்" வரும். நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஒரு வருசம் கூட அது தப்பல.

ரெண்டு நாள் காய்ச்சல்ல போயிட்டா. தாலியோடதான் போனா. அவ சுருக்குப்பையில பாதித் துண்டு பொகையில இருந்துச்சு, அத நான் எடுத்து ஒரு டப்பாவுல வச்சுக்கிட்டேன். இப்பல்லாம் கடையில பாக்கெட்டுல தேள் படம் போட்டு விக்கிறாக. போட்டா செத்துருவேன்னு அர்த்தமாம். இருக்கட்டும், நான் ஒண்ணும் திங்கப் போறதில்ல. எப்பயாவது டப்பாவத் தொறந்து மோந்து பாப்பேன், அவ்வளவுதான். ரெண்டு பேரு வாசமும் இப்ப ஒண்ணாயிருச்சு.

அடுத்த பங்குனிக்கும் போனேன். எனக்கு அங்கன பங்கு இல்ல, கட்டிக்குடுத்த மகளுக்கு ஏது. சும்மா புளியமரத்துக்குக் கீழ போயி நின்னேன். கடைக்காரருக்கு வயசாயிருச்சு, தொண்டை மட்டும் அப்படியே. பழக்கத்துல வரிசையாக் கூப்பிட்டுக்கிட்டே வந்தவரு, அந்த எடம் வந்ததும் ஆத்தா பேரையும் கூப்பிட்டுட்டாரு, கடைசி எழுத்த நீட்டி. "அது போயிருச்சுல்ல, என்னண்ணே"ன்னு யாரோ சத்தம் போட்டாக.

எனக்கும் தெரியும் அவ போயிட்டான்னு. நாந்தானே கடைசியாக் குளிப்பாட்டுனேன். ஆனாலும் என் கழுத்து தன்னால கண்மாய்க்கரைப் பக்கம் திரும்பிருச்சு. ரெண்டு பேரும் சேந்து எறங்கி வர்றாகளான்னு பாத்தேன்.